சாம்பலை ஈர்த்த கல்லும் வாயில் விளக்கும்

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ சொந்த ஊர் செல்லும் நம்மவர், தில்லியில் வாழினும் நாகபுரியில் வாழினும், வாயில் விளக்கை எரியவிட்டு வீட்டைப் பூட்டிச் செல்வது நெடுநாளைய வழக்கம். இரவில் அது காவலாகும் என்பது கருத்து. ஆயினும், பட்டப்பகலிலும் அணையாது எரியும் விளக்கு உள்ளே ஆளில்லை என்பதைத் தெரு முழுவதற்கும் பறைசாற்றிவிடுகிறது. ஆள் வரும்போது தானே எரிந்து, சென்றபின் தானே அணையும் விளக்குகள் இக்குறையை நீக்க வந்தவை. அவ்விளக்கின் அடியில் சிறிய வெண்ணிறக் குமிழ் ஒன்று இருக்கும். அதுவே அதன் கண். அக்கண்ணின் வரலாறு நமக்கு மிக அருகே, இலங்கைத் தீவில் தொடங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையின் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர் அங்கிருந்து வண்ணக் கற்கள் சிலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அவற்றுள் ஒருவகைக் கல்லைத் தணலருகே வைத்தபோது, அது சாம்பலைத் தன்பால் இழுத்தது. சிறிது நேரத்தில் இழுத்ததையே உதறித் தள்ளியது. புகைக் குழாயின் சாம்பலை அகற்ற இக்கல்லை அவர்கள் கையாண்டனர் என்றும் கூறுவர். எவ்வாறாயினும், ‘சாம்பல் இழுப்பான்’ என்றே தம் மொழியில் அதற்குப் பெயரிட்டனர். டூர்மலின் என்ற பிற்காலப் பெயர், ‘தோரமல்லி’ என்னும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் அகராதியார்.

இஃது ஏதோ மாயம் என்று விட்டுவிடாமல், 1756-இல் ஈபினஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து, சூடேறிய கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிரான மின்னூட்டங்கள் தோன்றுகின்றன என்று காட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேயரான ஜான் கான்டன் மேலும் நுட்பமான உண்மை ஒன்றைக் கண்டார். கல் சூடாக இருப்பதனால் மின்சாரம் தோன்றுவதில்லை. சூடு மாறும்போதுதான் தோன்றுகிறது. ஏறினாலும் தோன்றும், இறங்கினாலும் தோன்றும். ஒரே நிலையில் நின்றுவிட்டால் கல் வாளாவிருக்கும். நம் வாயில் விளக்கின் இரகசியம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது எனலாம்.

மற்றொரு கண்டுபிடிப்பும் வேண்டியிருந்தது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலார் சூரிய ஒளியைப் பட்டகத்தினால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் ஏறியது! அங்குள்ள கதிர்களைத் தமிழில் ‘அகச்சிவப்பு’ என வழங்குகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் முழு நிறைவு தருவதன்று. அக்கதிர் சிவப்புக்கு அகத்தே இல்லை, புறத்தே உள்ளது. எனினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க முயல்வது வீண். மனித உடலும் இக்கதிரை இடைவிடாது வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது என்பதே இங்கு வேண்டுவது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரு செய்திகளும் ஒரு சிறு கருவியில் கூடின. டூர்மலினுக்குப் பதிலாக, அதே பண்புடைய செயற்கைப் பொருளின் இரு சிறு துண்டுகள் அதனுள் எதிரெதிராக இணைக்கப்பட்டுள்ளன. மதில் வெயிலில் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒருங்கே உணர்ந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மனிதன் குறுக்கே நடந்தாலோ முதலில் ஒன்றும், பின்னர் மற்றொன்றும் அவன் வெப்பத்தை உணரும். அவ்வேறுபாடே விளக்கை ஏற்றுகிறது. வெண்குமிழ் கண்ணாடியன்று. உடலின் வெப்பக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பாலித்தீன் ஊடுருவ விடும். 1823-இல் பிரான்சின் கலங்கரை விளக்கத்தில் ஃபிரெனெல் பொருத்திய வரிவரியான வில்லையின் வழிவந்ததே இக்குமிழ். அங்கு ஒளியைக் கடலுக்கு அனுப்பியது. இங்கு வெப்பத்தை உள்ளே திரட்டித் தருகிறது.

இதனைச் சுவரில் பொருத்தும்போது வரலாறு வேறோர் உருவில் குறுக்கிடுகிறது. சிவப்பு மின்சாரம் வரும் பேஸ் கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பிரிட்டனிடமிருந்து நாம் பெற்ற பழைய வழக்கம்; நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இதுவே காணப்படும். பிரிட்டனோ 2006 முதல் புதிய வீட்டிணைப்புகளில் இதனைக் கைவிட்டு, ஐரோப்பிய முறைப்படி பழுப்பைப் பேஸுக்கும் நீலத்தை நியூட்ரலுக்கும் கொண்டது. தனியாக விற்கும் உணர்கருவிகள் பலவற்றில் பழுப்பு, நீலம், சிவப்பு என மூன்று கம்பிகள் உண்டு. இங்கே சிவப்பு, விளக்குக்குச் செல்லும் கம்பி! நிறத்தை நம்பி அதை வீட்டின் சிவப்போடு முடிந்தால், விளக்கு இரவும் பகலும் அணையாது. மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் நிலை இன்னும் கொடிது. அங்கு நீலம் மூன்றாம் பேஸின் நிறமாக இருக்கக்கூடும். கருவியின் நீலத்தை அதனோடு சேர்த்தால் 230 வோல்ட்டுக்குரிய கருவியில் 400 வோல்ட் பாயும். ஆதலின் நிறத்தைப் பாராது, கருவியின்மீது அச்சிட்ட படத்தைப் பார்த்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைக்கவேண்டும்.

அவரிடம் மூன்றைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்கவேண்டும்; நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணைந்தும் உள்ளே மின்சாரம் நிற்கும், மழை நாளில் ஏணிமேல் நிற்பவர் உயிருக்கு அது கூற்று. உலோக உடலுள்ள விளக்குக்கு எர்த் கம்பி தவறக்கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சும் அந்த இணைப்புக்கு வேண்டும்.

இடம் தேர்வதில் கான்டனின் உண்மை துணை செய்யும். ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில், வருபவர் கண்ணுக்கு நேராக வராமல் குறுக்கே கடக்குமாறு பொருத்துவது நலம். குளிர்சாதனத்தின் வெப்பக்காற்று வீசும் இடமும், காற்றில் ஆடும் கிளையும் கண்ணெதிரே வேண்டா. வடநாட்டுக் கோடையில் மாலை கழிந்தும் சுவரும் தரையும் உடலளவு சூடாக இருக்கும். மனிதனுக்கும் மதிலுக்கும் வேறுபாடு குறைந்து, மார்கழியில் பத்து மீட்டரில் கண்ட விளக்கு, வைகாசியில் மிக அருகே வந்தபின்தான் காணும். பழுதென்று அதைக் கழற்றிவிட வேண்டுவதில்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது ஆளின்றியே ஒரு நிமிடம் எரிவதும் அவ்வாறே. கண் தன் நிலைக்கு வர அந்நேரம் பிடிக்கிறது.