கவனம் என்னும் துணை மருந்து

1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில், பல்கலைக்கழக மருத்துவமனையின் அடித்தளத்தில் வகுப்பு ஒன்று தொடங்கிற்று. தொடங்கியவர் ஜான் கபட்-சின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பௌத்தத் தியானத்தில் பயின்றவர். தீராத முதுகுவலி, தலைவலி, படபடப்பு என்று ஆண்டுக்கணக்கில் அலைந்து, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். தியானத்தின் சமயச் சார்பை விலக்கி, பயிற்சியை மட்டும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் கவனப் பயிற்சி மருத்துவத்துக்குள் நுழைந்த வாசல் அதுதான். அவ்வகுப்புகளில் ஆளுக்கு ஓர் உலர்திராட்சை கொடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்து அதன் சுருக்கங்களைப் பார்க்க வேண்டும். விரலிடையே உருட்டிப் பிசுபிசுப்பை அறிய வேண்டும். காதோரம் வைத்து மெல்ல அழுத்தினால் எழும் சிற்றொலியைக் கேட்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். நாவில் வைத்ததும் எச்சில் ஊறுவதைக் கவனித்த பிறகே கடிக்க வேண்டும். உண்பது என்னும் அன்றாடச் செயலில் எவ்வளவு நம் அறிவுக்கு எட்டாமலே நடந்துவிடுகிறது என்பதை, மருத்துவமனையின் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு நோயாளி கண்டுகொள்ள இது போதும்.

இப்படிப் பார்க்கப் பழகுவதால் நோய்க்கு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. முதுகுவலிக்காரரை எடுத்துக்கொள்வோம். இடுப்பில் ஒரு பிடிப்பு எழுகிறது. அது எழுந்த மறுகணமே ‘இனி நிமிரவே முடியாதோ, வேலை போய்விடுமோ’ என்ற அச்சமும் எழுகிறது. அச்சத்தால் உடல் விறைக்கிறது. விறைப்பால் வலி கூடுகிறது. கூடிய வலி அச்சத்தை வளர்க்கிறது. பாதம் முதல் உச்சந்தலை வரை உடலின் ஒவ்வோர் உறுப்பாக மனத்தைச் செலுத்திப் பயிலும்போது, பிடிப்பு வேறு, அதைப் பற்றிய அச்சம் வேறு என்பது தெரியத் தொடங்குகிறது. வலி போய்விடுவதில்லை, வலியைச் சுற்றி வளர்ந்தது மட்டும் தளர்கிறது. 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நாட்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரை மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. கவனப் பயிற்சி பெற்றவர்களில் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. மூன்றாம் குழுவினருக்கு அளிக்கப்பட்ட, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற முயலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. கவனப் பயிற்சி ஒன்றே வழி என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. நல்ல வழிகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

மனச்சோர்வு நோயில் சான்று இன்னும் கூர்மையானது. டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 145 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வந்தது. மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வுக்கு ஆளாகி மீண்டவர்களில், வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்றோரில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இருமுறை மட்டும் நோயுற்றவர்களுக்கோ அத்தகைய பலன் கிட்டவில்லை. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். பலமுறை நோயுற்றவரின் மனத்தில், சிறு வருத்தம் எழுந்தாலும் பழைய கசப்பான எண்ணங்கள் தாமாகவே வரிசைகட்டி வந்துவிடும். அந்த வரிசையின் முதல் எண்ணத்திலேயே ‘இது ஓர் எண்ணம்’ என்று அடையாளம் காணப் பயிற்சி உதவுகிறது. எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லப்படும் மருந்தைவிட, இன்னாருக்கு ஆகும், இன்னாருக்கு ஆகாது என்று காட்டும் மருந்தையே நம்பலாம்.

ஆனால் சந்தையில் பேச்சு இந்த அளவோடு நிற்கவில்லை. தூக்கம், உடல் எடை, படிப்பு, வணிக வெற்றி எல்லாவற்றுக்கும் இதுவே தீர்வு என்று செயலிகளும் முகாம்களும் விற்கின்றன. 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கி 2014-இல் வந்த தொகுப்பாய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் உண்டு என்றது. தூக்கத்துக்கும் எடைக்கும் போதிய சான்றில்லை என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட இது மேலானது என்பதற்கும் சான்று காணவில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்து 2022-இல் முடிவு வெளியான ஆய்வு, வழக்கமான பாடத்தைவிட இப்பயிற்சி மாணவர் மனநலத்தைக் கூட்டவில்லை என்று காட்டிற்று. பெருந்துயர அனுபவம் உள்ள சிலருக்குக் கண்மூடி அமர்வதே பழைய காட்சிகளைக் கிளறிவிடுவதும் உண்டு. இவற்றை மறைத்துப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. துணை மருந்தை முதன்மை மருந்தாக்கினால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரை நின்றுபோகும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, களைத்தவரிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது அநீதியை அவர் தலையிலேயே கட்டுவதாகாதா? ஆகும். ஓய்வும் கூலியும் தர வேண்டிய இடத்தில் தியான வகுப்பைத் தருவது ஏமாற்று. இங்கே வள்ளுவரின் வைப்புமுறையை எண்ணிப் பார்க்கலாம். மறவாமையை, சோர்ந்துபோகாத விழிப்பை வலியுறுத்தும் பொச்சாவாமை அதிகாரத்தை அவர் துறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்தார். விழிப்பு முதலில் ஆள்பவனிடம் கேட்கப்படுகிறது. தொழிலாளிக்குக் கவனப் பயிற்சி அளிக்க விரும்பும் நிறுவனம், அவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எப்போது உண்கிறார் என்பதை முதலில் கவனிக்கட்டும். எனினும், உரிமைக்குப் போராடுபவருக்கும் இன்றிரவு முதுகு வலிக்கிறது. போராட்டம் முடியும்வரை அவர் வலியோடு கிடக்க வேண்டும் என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை.

நேரமில்லை என்பார்க்கு அன்றாடச் செயல்களே பயிற்சிக் களம். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் பாத்திரம் கழுவுவதையே தியானமாகக் கற்பித்தார்: நீரின் சூடு, நுரை, தட்டின் விளிம்பு, கையின் அசைவு, மனம் நாளைய கணக்குக்கு ஓடினால் கடிந்துகொள்ளாமல் கைக்குத் திரும்புதல். முதல் மூன்று கவளங்களைக் கைபேசியின்றி உண்ணலாம். மாத்திரையை வாயிலிடும் கணத்தில் எந்த மாத்திரை, எத்தனை மணி என்று அறிந்து விழுங்கலாம். மறந்து இருமுறை போட்டுக்கொள்ளும் முதியவர்களுக்கு இது உயிர் காக்கும் பழக்கம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆய்வுகளில் நோய் தணிந்தவர்கள் எட்டு வாரம் ஆசிரியரிடம் கற்று, வீட்டிலும் நாள்தோறும் அமர்ந்து பயின்றவர்கள். பாத்திரம் கழுவும்போது மட்டும் கவனித்தால் அதே பலன் வரும் என்று யாரும் நிறுவவில்லை. அமர்ந்து பயின்றது அன்றாட வேலையில் கலக்கும்போதுதான் பழக்கம் நிலைக்கிறது.

ஆகவே, இதைச் செயலிகளிடமும் சந்தாக் கட்டணங்களிடமும் விட்டுவிடக் கூடாது. ஓர் அறையும் பாய்களும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் இருந்தால் இருபது பேருக்கு ஒருசேரக் கற்பிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் செயல்படும் அரசு மருத்துவமனைகள், மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளாவோருக்கும் நாட்பட்ட வலி உள்ளோருக்கும் இந்த எட்டு வார வகுப்பைத் தமிழில் இலவசமாக நடத்த முன்வர வேண்டும். பயில விரும்பும் வாசகர்கள் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை, அவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.