மேட்டிலே உயிர், பள்ளத்திலே சாவு!

1849. லண்டனில் காலரா ஆடிய ஆட்டத்தில் சுமார் 14 ஆயிரம் பேர் காலி. செத்தவர்களைக் கணக்கெடுத்த அரசாங்க அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்றொரு புள்ளிவிவரப் புலி இருந்தார். சும்மா எண்ணிவிட்டுப் போகிற ஆசாமி இல்லை. ஒவ்வொரு பேட்டையும் தேம்ஸ் நதி மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று பக்கத்திலேயே குறித்துப் பார்த்தார். அட! மேடு ஏற ஏறச் சாவு குறைகிறது!

காரணம்? 'ஆற்றங்கரை நாற்றம். விஷக்காற்று பள்ளத்தில் தேங்குகிறது' என்று 1852-ல் அறிக்கை எழுதிவிட்டார்.

டாக்டர் ஜான் ஸ்நோ ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளத்து ஜனங்கள் குடிப்பது எந்தத் தண்ணீர் என்று கேட்டார். 1854-ல் மறுபடி காலரா. தெற்கு லண்டனின் பல தெருக்களில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள். ஒன்று சாக்கடை கலந்த தேம்ஸ் தண்ணீர். மற்றது, நதியின் மேல்பகுதியில் எடுத்த நல்ல தண்ணீர். அடுத்தடுத்த வீடு, ஒரே உயரம், ஒரே காற்று! ஸ்நோ வீடு வீடாக ஏறி விசாரித்தார். முதல் ஏழு வாரத்தில், பத்தாயிரம் வீட்டுக்கு அங்கே 315 சாவு, இங்கே 37.

இதற்காக, செத்தவர்களின் முகவரி தந்து உதவியது யார் தெரியுமா? அதே ஃபார்தான்! ஆனாலும் 1866-ல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோதுதான் அவர் முழுசாகத் தண்ணீர்க் கட்சிக்கு வந்தார். அதைப் பார்க்க ஸ்நோ இல்லை. 1858-லேயே போய்விட்டார்.

இன்றைக்கு செயற்கைக்கோள் படத்தையும் நோய்க் கணக்கையும் கம்ப்யூட்டரே பொருத்திப் பார்த்துவிடுகிறது. ஆனால், ஏன் என்று கேட்க, யாராவது படியேறிக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.