ஜார்ஜ்டவுன்

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரம். பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில் அமைந்த பழைய துறைமுக நகரம். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இதை நிறுவினார். தீவைத் தந்த கெடா சுல்தான் எதிர்பார்த்தது சயாமுக்கு எதிரான படைத்துணை; அது கடைசிவரை வரவில்லை. காட்டை வெட்டக் கூலியாட்களுக்கு ஆசை காட்ட, லைட் பீரங்கியில் வெள்ளிக்காசு நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காசு மெய்யோ பொய்யோ, ஆட்களை இழுத்தது சுங்கவரி இல்லாத துறைமுகம்தான். சீனர், தமிழர், அச்சேயர், ஆர்மேனியர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். 1826இல் பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரானது. 1832இல் அந்தத் தகுதி சிங்கப்பூருக்குப் போனது.

கார்ன்வாலிஸ் கோட்டை கடலோரத்தில் உள்ளது. அங்கே நிற்கும் லைட்டின் சிலைக்கு, அவருடைய படம் கிடைக்காததால், அடிலெய்டு நகரை வடிவமைத்த அவர் மகன் வில்லியமின் முகச்சாயலை வைத்ததாகச் சொல்வார்கள். கோட்டையில் அரைமணி நேரம் போதும். நகரின் உயிர் தெருக்களில் இருக்கிறது.

முன்பு பிட் தெரு எனப்பட்ட மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையில் சிறிது தூரம் நடந்தாலே புனித ஜார்ஜ் தேவாலயம் (1818), சீனரின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில் (1833), தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் காலத்தில் எழுந்த பள்ளிவாசல் (1801) ஆகியவை வந்துவிடும். மாரியம்மன் கோயில் இந்தச் சாலைக்கு முதுகு காட்டி நிற்கிறது. கோபுரவாசல் குயின் தெருவில், லிட்டில் இந்தியாவுக்குள் இருக்கிறது. பூக்கடை, புடவைக்கடை, உரக்க ஒலிக்கும் சினிமாப் பாட்டு என அந்தப் பகுதி தமிழர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

கரையோரத்தில் கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தவரின் குடியிருப்புகள் உள்ளன. இந்தப் படகுத்துறைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே குலப்பெயர் கொண்டவர்கள். சியூ துறை அவற்றில் பெரிது. படகில் சரக்கு இறக்கிய கூலிகளின் வீடுகள் இவை. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் விண்ணரசருக்குப் படைக்கும்போது கரும்பும் வைப்பார்கள். முன்னோர் கரும்புக்காட்டில் ஒளிந்து உயிர் தப்பியதன் நினைவாக.

உணவும் துறைமுகத்தில் பிறந்ததே. தமிழ் முஸ்லிம்கள் காத்தண்டின் இரு முனைகளிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதுதான் நாசி கண்டார். இன்று கடையில், சோற்றின்மேல் கோழி, மீன், இறைச்சிக் குழம்புகளை அகப்பை அகப்பையாக ஊற்றிக் கலக்கிறார்கள். "பஞ்சிர்" என்று சொன்னால் தட்டில் வெள்ளம்தான். ஒரே குழம்பில் நிறுத்திக்கொள்பவர் ருசி தெரியாதவர். அசாம் லக்சா வேறு ரகம்: கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்த புளிச்சாறு, தடித்த அரிசி நூடுல்ஸ், வெள்ளரி, அன்னாசி, புதினா, மேலே ஒரு கரண்டி கறுத்த இறால் விழுது. சார் குவே தியாவ் பெருந்தீயில் சில நிமிடங்களில் வதக்கி எடுக்கும் தட்டை நூடுல்ஸ்; பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

பழைய கடைவீடுகள் பிழைத்தது திட்டமிட்டு அல்ல. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால் இடித்துக் கட்டுவதில் லாபமில்லை. அந்தக் காப்பு 2000இல் நீங்கியதும் வாடகை ஏறி, குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினர். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தபோது பல வீடுகளில் ஆளில்லை. பிறகு விடுதிகளும் காப்பிக்கடைகளும் நுழைந்தன. ஆர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் சகரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் சிறுவர் ஓவியத்தின் முன் படமெடுக்க வரிசை நிற்கிறது. சற்றுத் தள்ளியுள்ள கூ கொங்சி குல மாளிகையின் மரச்செதுக்கல்களுக்கே அந்தப் பொறுமை தகும்.

தைப்பூசத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளிரதம் பினாங்கு தெருவிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படும். வழியெங்கும் தேங்காய்களைக் குவித்து வைத்துச் சூறை விடுபவர்களில் சீனர்கள் ஏராளம்.