மலைநாட்டில் டயாலிஸிஸ் யந்திரம்: நம்பகத்தை அளக்கும் பிரமாணம் பற்றிய ஒரு விசாரணை

மருத்துவ உபகரணங்களின் பராமரிப்பைக் குறித்து மத்திய அரசு 2015-இல் வகுத்த திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் உள்ள உபகரணங்கள் 95 விழுக்காட்டுக் காலமேனும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று விதித்தது. எக்ஸ்ரே கருவிக்குப் போதுமானதாகத் தோன்றும் இவ்விதி டயாலிஸிஸ் யந்திரத்துக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எஞ்சிய 5 விழுக்காடு ஆண்டுக்குப் பதினெட்டு நாள். அப்பதினெட்டு நாளும் மாதத்துக்கு ஒன்றரை நாளாகச் சிதறி வருமாயின், நோயாளியை மறுநாள் வரச்சொல்லிச் சமாளித்துவிடலாம். அவையே ஆடி மழையில் ஒருசேர வந்து விழுமாயின், வாரம் மும்முறை சிகிச்சை பெறுபவர் ஏழெட்டு முறைகளை இழப்பார். பதிவேட்டில் இரண்டுக்கும் எழுதப்படும் எண் ஒன்றே.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. வாரம் மும்முறை என்னும் முறையிலேயே ஒரு தடவை இரண்டு நாள் இடைவெளி தவிர்க்க முடியாமல் நேர்கிறது. அந்த நீண்ட இடைவெளியை அடுத்து மரணமும் இருதயக் கோளாறும் மிகுகின்றன என்பதை, அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான விரிவான ஆய்வொன்று காட்டியது. இரண்டு நாளே அபாயமெனில் நான்கு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

1943-இல் ஹாலந்தின் காம்ப்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் செல்லோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி அமைத்த கருவியில், இரத்தத்தை ஒருபுறமும் உப்புக் கரைசலை மறுபுறமும் ஓடவிட்டு நடுவே ஒரு மெல்லிய சவ்வை நிறுத்தும் தத்துவம் இருந்தது. தத்துவம் இன்றும் அதுவே, மாறியது காவல்தான். கரைசலின் மின்கடத்துதிறன், வெப்பம், இரத்தக் குழாயின் அழுத்தம், காற்றுக் குமிழி, சவ்வு கிழிந்து இரத்தம் கசிதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இன்றைய யந்திரத்தில் ஓர் உணரி காவலிருக்கிறது. செயல்திறனை அளக்கவும் வழியுண்டு: நான்கு மணி நேரச் சிகிச்சையின் முடிவில் இரத்தத்தின் யூரியா 65 விழுக்காடேனும் குறைந்திருத்தல், அல்லது கேடி/வி என்னும் விகிதம் 1.2-க்குக் குறையாதிருத்தல். இவ்வளவும் சரியாயிருந்தும் ஆபத்து நேரலாம். 1996-இல் பிரேசிலின் கருவாருவில் பாசி நஞ்சு கலந்த நீரால் ஐம்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர்; அதே ஆண்டில் குராசாவோ தீவில், புதிதாகப் பதித்த குழாயின் சிமெண்டுப் பூச்சிலிருந்து கரைந்த அலுமினியம் பலரை மாய்த்தது. மின்கடத்துதிறனை அளக்கும் உணரி நஞ்சை அறியாது. ஆகவே யந்திரத்தை அதன் நீரிலிருந்து பிரித்துப் பரீட்சிப்பது பரீட்சையே ஆகாது. காலையில் முதல் நோயாளி படுக்குமுன் டெக்னீஷியன் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) முறையில் சுத்திகரித்த நீரில் ஒரு குவளை பிடித்துக் குளோரினைச் சோதிப்பதையும், திரையில் மின்கடத்துதிறனாகத் தெரியும் 14 என்ற எண்ணை நம்பாமல் கரைசலில் தனி மீட்டர் ஒன்றைத் தோய்த்துப் பார்ப்பதையும் விலையுயர்ந்த தொடுதிரைகளினும் மேலாக நான் மதிக்கிறேன்.

இனி மலைக்கு வருவோம். 2,240 மீட்டர் உயரத்து உதகையில் வளிமண்டல அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 580 மில்லிமீட்டர். கடல் மட்டத்தில் அது 760. கரைசலுக்கான நீரிலுள்ள காற்றை வெற்றிடத்தால் இழுத்து நீக்கும் பம்பு சென்னையில் 600 மில்லிமீட்டர் இழுக்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், உதகையில் அந்த 600 இல்லவே இல்லை. உயரத்துக்கேற்ப இதைத் திருத்தாவிடில் குமிழிகள் தங்கி, சவ்வின் பரப்பை மறைத்து, நீரகற்றும் கணக்கையும் குழப்பி, காரணமற்ற அலாரங்களை எழுப்பும். யந்திரம் கெட்டுவிட்டதென்று சீட்டு எழுதப்படும். குளிரும் இப்படியே. சமவெளியில் 28 பாகை நீரை 37-க்கு உயர்த்தும் ஹீட்டர் இங்கே மார்கழியில் 12 பாகையிலிருந்து உயர்த்த வேண்டும், ஆர்.ஓ. சவ்வோ ஒவ்வொரு பாகைக் குறைவுக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவாக நீர் தருவதால், அந்தப் பதினாறு பாகையில் ஐந்தில் இரண்டு பங்கு நீர் குறைந்துவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்குக் கரைசல் மட்டுமே 120 லிட்டர் தேவை.

கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதையின் தலையில் அமைந்த நாடுகாணியில் குளிரினும் மழையே பெரிது. தேவாலா, பந்தலூர் வட்டாரம் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கும் பிரதேசம். தோட்டத்துச் சில்வர் ஓக் மரமொன்று மின்கம்பியில் சாய்ந்தால் யந்திரத்தின் பேட்டரி கால்மணியோ அரைமணியோ இரத்தப் பம்பை ஓட்டும். அதுவும் தீர்ந்தால் நர்ஸ் கைப்பிடியைச் சுழற்றி உடலுக்கு இரத்தத்தைத் திருப்புவார். உயிர் தப்பும், ஆனால் சிகிச்சை பாதியில் நின்றது நின்றதே. பழுதுபார்ப்பதிலும் இதே சங்கதி. ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் யந்திரம் பத்து மணி நேரத்தில் சீராகுமாயின் 99 விழுக்காட்டுக் காலம் கிடைக்கும். கோயம்புத்தூரிலிருந்து என்ஜினீயர் வரும் வழியில் மண்சரிந்து நூறு மணி நேரம் ஆகுமாயின் 91 விழுக்காடே. யந்திரம் அதே யந்திரம்.

மரம் விழுந்ததற்கும் மண் சரிந்ததற்கும் உற்பத்தியாளர் எங்ஙனம் பொறுப்பாவார் என்று கேட்பது நியாயமே. பொறுப்பைப் பங்கிடுவதற்குப் பதிவேட்டில் யந்திரம், நீர், மின்சாரம், பாதை எனத் தனித்தனிப் பத்திகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவுகோல் நோயாளியின் பக்கமிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்துபோன சிகிச்சை நேரம் எவ்வளவு, இரு சிகிச்சைகளுக்கிடையே நேர்ந்த மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள் என்ற இரண்டையும் குறித்தால், உதிரிபாகத்தை மலைமேலேயே இருப்பு வைக்கும் செலவு வீணா அவசியமா என்பது தானே விளங்கும்.

இந்த அளவுகோலைக் கைக்கொண்டால் ஒப்பீட்டின் எல்லையும் விரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வயிற்றறை வழியே செய்யும் டயாலிஸிஸுக்கான கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. இரண்டு லிட்டர் பை நாளுக்கு நான்கெனில் மாதத்துக்கு 240 லிட்டர். அதுவும் இதே மலைப்பாதையில்தான் ஏறி வர வேண்டும். தொற்றின் பயமும் அதற்குண்டு, எல்லா உடலுக்கும் அது ஒவ்வாது. எனினும் அப்பைகளை வைகாசியிலேயே வாங்கி வீட்டில் அடுக்கிவிடலாம். யந்திரத்தின் நான்கு மணி நேரத்தை அவ்வாறு முன்கூட்டிச் சேமிக்க இயலாது. நாடுகாணி நோயாளி ஒருவருக்கு எது தகும் என்று முடிவு செய்யும் மருத்துவர், யந்திரத்தின் ஆண்டுச் சராசரியை விட்டு அதன் ஆனி, ஆடி மாதப் பதிவேட்டையே வாங்கிப் பார்க்க வேண்டும்.