வீராம்பட்டினத்துப் பஞ்சாயத்தும் புதுச்சேரி நியாயஸ்தலமும்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டை அடுத்த கடலோரத்தில், செங்கழுநீர் அம்மன் கோயிலாலும் அதன் ஆடித் தேராலும் பிரசித்தி பெற்ற வீராம்பட்டினத்தைப் போன்ற சோழமண்டலக் கரை மீனவக் கிராமங்களில், வலை அறுந்த வழக்கையும் கடன் வழக்கையும் குடும்பக் கலகத்தையும் ஊர்ப் பஞ்சாயத்தார் கூடித் தீர்ப்பதும், தீர்ப்பை மீறியவன் அபராதம் கட்டுவதும், கட்டாதவனோடு ஊரார் கொள்வினை கொடுப்பினையை அறுத்து அவனைக் கடலுக்கே போகவொட்டாமல் தடுப்பதும் தொன்றுதொட்ட சம்பிரதாயம். சபையில் எடுத்தெறிந்து பேசுவது தனிக் குற்றம். பஞ்சாயத்தைக் கேளாமல் போலீசுக்குப் போவது அதனினும் பெரிய குற்றம்.

1819 ஜனவரி 6-ஆம் தேதிக் கட்டளையால், இந்தியர்களின் வியவகாரங்களை அவரவர் ஆசாரப்படியே தீர்ப்பதாக ஒப்புக்கொண்ட பிரெஞ்சு ராஜாங்கம், இத்தகைய ஊர்க்கட்டில் பெரும்பாலும் தலையிடவில்லை. ஆனால் சபைக்கு முன் காலணியைக் கழற்றும் நம்முடைய மரியாதையைத் தன் நியாயஸ்தலத்துக்கென்று எடுத்துக்கொண்டபோதுதான் சங்கடம் விளைந்தது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல், ஐரோப்பியரைப் போலக் காலுறையும் பூட்சும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். அதைத் தன் சபைக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதிய நியாயாதிபதி அவரைத் தண்டித்தார். அதே கூடத்தில் வெள்ளைக்கார வக்கீல்களின் பூட்சுகள் எவருடைய கௌரவத்தையும் குலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சபைக்கு முன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கும் மீனவன் காட்டும் பணிவு ஊருக்கெல்லாம் பொதுவானது. வக்கீலிடம் கேட்கப்பட்டதோ சுதேசிக்கு மட்டும் விதித்த பணிவு. அது நீதிக்குச் செலுத்தும் மரியாதையன்று, நிறத்துக்குச் செலுத்தும் மரியாதை என்பதே என் அபிப்பிராயம். பொன்னுத்தம்பி விடவில்லை, வழக்கைப் பாரிஸிலுள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரைக்கும் கொண்டுபோய் வென்றார். அங்கே அவருக்காக வாதாடிய ஜூல் கோதேன் பிற்பாடு பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றதும், இந்தியர் தங்கள் ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குட்பட வழிவகுத்த 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி பொன்னுத்தம்பி லபோர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றதும் வேறு கதை.

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின், சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் இவ்வூர்களுக்கும் வந்தது. நீதிமன்ற அவமதிப்புக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதம் வரை வெறுங்காவலும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. மன்றம் திருப்தியுறும்படி மன்னிப்புக் கேட்டால் விடுவிக்கவும் இடமளிக்கிறது. சபை நடுவே கும்பிட்டு, 'தெரியாமல் பேசிவிட்டேன்' என்றவனை மன்னித்து அனுப்பும் பஞ்சாயத்தாருக்கு இந்த ஷரத்து புதியதன்று. ஆனால் ஒருவனை ஊரை விட்டு விலக்கி வைக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தரவில்லை. விலக்கப்பட்டவன் கோர்ட்டுப் படியேறி வெல்லலாம். வென்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, கூட வலை இழுக்க எவரும் வராத படகை அவன் ஒருவனாகத் தள்ள முடியுமா என்பதைத்தான் எந்த நீதிபதியும் எழுதித் தர இயலாது.