உது என்னும் சொல்லும் அது நிற்கும் இடமும்

உடுப்பிட்டியில் விளக்கு வைத்த பிறகு வீட்டுப் படலை கிறீச்சிட்டால், திண்ணையில் கிடக்கும் முதியவர் எழும்பிப் பார்ப்பதில்லை, கிடந்தபடியே "உதார்?" என்று ஒரு குரல் கொடுப்பார். வந்தவன் தன் பெயரைச் சொன்னால் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். சொல்லாமல் நின்றால் அந்தக் குரல் இரண்டாம் முறை சற்று உரத்து எழும். "ஆர்" என்னும் வினாவுக்கு முன்னே "உது" என்னும் சுட்டு வந்து புணர்ந்த இச்சிறு தொடரை என் பாட்டனார் வாயிலிருந்து ஆயிரம் முறையாவது நான் கேட்டிருப்பேன்; கேட்ட காலத்தில் அதிலே ஆராய்வதற்கு ஏதேனும் உண்டென்று எண்ணியதில்லை. படலைக்கு அப்பால் இருட்டில் நிற்பவன், "இது" என்று சொல்லுமளவுக்குக் கிட்டவும் வரவில்லை. "அது" என்று சொல்லுமளவுக்குத் தொலைவிலும் இல்லை. அன்றியும் கேள்வி எவனைப் பற்றியதோ அவனை நோக்கியே கேட்கப்படுகிறது. இவ்வளவையும் ஓர் உகரம் சுமந்து நின்றது.

அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள் என்று தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்தார். நன்னூலாரும் அவ்வாறே கொண்டார். தமிழ் படிக்கும் பிள்ளைகள் எந்த நாட்டிலிருந்தாலும் இம்மூன்றையும் மனனம் பண்ணுகிறார்கள். ஆயினும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு மூன்றாவது சுட்டு பரீட்சைக்கு மாத்திரம் உரியது. அகரமும் இகரமும் அவன் வாயில் நாள்தோறும் புழங்க, உகரம் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ இலக்கணம் படிக்கத் தொடங்குவதற்கு முன்னமே அம்மூன்றும் சித்தித்துவிடுகின்றன: இவன், உவன், அவன் என்றும், இந்த, உந்த, அந்த என்றும், இப்பிடி, உப்பிடி, அப்பிடி என்றும், இவ்வளவு, உவ்வளவு, அவ்வளவு என்றும் மும்மூன்றாகவே சொற்கள் அவன் நாவில் வருகின்றன.

நான் முதன்முறை சென்னைக்குச் சென்றிருந்தபோது ஒரு புத்தகக் கடையில், கடைக்காரர் கைக்கருகே கிடந்த நூலொன்றைக் காட்டி, "உந்தப் புத்தகத்தை ஒருக்கா எடுங்கோ" என்றேன். "எந்தப் புத்தகம்?" என்றார் அவர். "உந்தப் புத்தகம்" என்றேன் மறுபடியும். என் சுட்டு அவர் காதில் வினாவாக விழுந்ததென்பதை உணர எனக்குச் சற்று நேரம் சென்றது. பின்னர் "உங்க கைக்குப் பக்கத்தில இருக்கிற அந்தப் புத்தகம்" என்று விரித்துச் சொன்னேன்; உடனே எடுத்துத் தந்தார். எங்கள் ஊரில் ஒரு சொல் செய்யும் வேலைக்கு அங்கே ஐந்து சொற்கள் வேண்டியிருந்தன என்ற எண்ணம் அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.

யாழ்ப்பாணம் அகராதிகளின் பூமி. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பினாலான, 58,500 சொற்கள் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842-இல் மானிப்பாயில் அச்சேறியது. இங்கே தமிழ் கற்ற மிசனரியாகிய வின்சுலோ ஐயர் 67,000-க்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டி 1862-இல் சென்னையில் தம் பேரகராதியை வெளியிட்டார். உடுப்பிட்டியின் பங்கும் சிறிதன்று. புலவராகிய குமாரசுவாமி முதலியாருக்கு மகனாக 1829-இல் இவ்வூரிலே பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்று, நீதவானாகப் பதவி வகித்து, 1904-இல் காலமான கு. கதிரைவேற்பிள்ளை, நீதிமன்றத்து வியவகாரங்களுக்கிடையே தமிழ்ச் சொற்களைத் திரட்டி வைத்தார். அவர் மறைந்த பிறகு மதுரைத் தமிழ்ச் சங்கம் அத்திரட்டை 1910, 1912, 1923 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது; சங்க அகராதி என்று அறிஞர் வழங்குவது அதுவே. நிகண்டும் இலக்கியமும் பழகிய அப்பெருமகனார், எழுதுகோலை வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கியதும் அயலாரோடு உவன், உவள் என்றுதானே பேசியிருப்பார் என்று நினைக்கும்போது என் மனம் உருகுகிறது. ஏட்டில் அருகிப்போன சொல்லாகவும் வீட்டில் அன்றாடச் சொல்லாகவும் ஒன்றே இருந்த ஊர் இது.

ஏட்டிலே இச்சொல் பெற்றிருந்த வாழ்வை முதலில் பார்ப்போம். சங்கச் செய்யுட்களில் "உதுக்காண்" என்பது பலகால் வருகிறது. பேசுகிறவர் தம் எதிரே நிற்பவரின் கண்ணை ஒரு பொருளின்மேல் திருப்பும் இடங்களிலேயே அது பெரிதும் பயில்கிறது. திருக்குறளில் பசப்புறு பருவரல் என்னும் அதிகாரத்தில் "உவக்காண்" என்று தலைவி தோழிக்குக் காட்டும் இடம் ஒன்று உண்டு. காதலன் இப்போதுதான் புறப்பட்டிருக்கிறான்; இன்னும் கண்ணுக்கு எட்டும் தொலைவில் நடந்துகொண்டிருக்கிறான்; அதற்குள்ளே அவள் மேனியில் பசப்பு ஊரத் தொடங்கிவிட்டது. அவனைச் சுட்ட உகரமும் தன் மேனியைச் சுட்ட இகரமும் அக்குறளில் எதிரெதிரே நிற்கின்றன. அந்த உகரத்தை எடுத்துவிட்டு அகரத்தை வைத்தால் அவன் வெகுதூரம் போய்விடுவான். போனவன் தூரத்தில் இருக்கையில் பசப்பு வருவதில் என்ன வியப்பு? அவன் இன்னும் "அவன்" ஆகவில்லை, "உவன்" என்ற நிலையிலேயே இருக்கிறான் என்பதில்தான் அத்துன்பத்தின் விரைவெல்லாம் அடங்கியிருக்கிறது. உரையின் துணைகொண்டு இக்குறளைக் கற்பவர்க்கு இந்நயம் அறிவினால் எட்டும். எங்கள் வடமராட்சிப் பகுதியில் பிறந்தவனுக்குக் காதினாலேயே எட்டுகிறது.

இடைப்பட்ட இடம் என்னும் இப்பொருளேயன்றி, உகரத்துக்கு மேல், பின் என்னும் பொருள்களும் பண்டு இருந்தன. "உம்பர்" என்பது மேலிடத்தையும், ஊழை வெல்லும் முயற்சியைக் கூறும் குறளில் வரும் "உப்பக்கம்" என்பது முதுகுப்புறத்தையும் குறித்தன. தமிழுக்கு மாத்திரம் உரிய சுட்டும் அன்று இது. பழங்கன்னடத்தில் இதன் இனச் சொல் உண்டு, வடக்கே காடுகளில் வழங்கும் குரூக் மொழியிலும் உண்டு. ஆகவே திராவிட மொழிக் குடும்பம் பிரிவதற்கு முன்னமே இருந்து, பெரும்பாலான பிள்ளைகள் கைவிட, சிலர் மாத்திரம் பேணிவந்த முதுசொத்து என்று இதனைக் கொள்ளலாம்.

கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இவ்விடைச் சுட்டைக் குறித்திருக்கிறார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அதற்கும் மேலே சென்று, அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களையே தமிழ்ச் சொற்களின் ஆதி மூலங்களாகக் கண்டார். சொற்கள் அனைத்தையும் நான்கு வேரில் அடக்கும் அக்கொள்கையை முற்றாக ஒப்ப என்னால் இயலவில்லை. எனினும் சுட்டு என்னும் செயலை மொழியின் பிறப்பிடத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியது, மூன்று சுட்டும் உயிரோடு வழங்கும் நாட்டில் அவர் இருந்ததனால் என்றே எண்ணுகிறேன்.

பேச்சுவழக்கைக் கொச்சை என்று தள்ளிய காலத்தில் அதனை மேடையேற்றியவர், உடுப்பிட்டிக்குச் சில கட்டை தூரம் கிழக்கேயுள்ள புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அதே கையினால் உடையார் மிடுக்கு முதலிய நாடகங்களை வீட்டு மொழியில் எழுதி, நானாடகம் என்ற பெயரில் 1940-இல் வெளியிட்டார். கல்வெட்டுக்குக் கொடுத்த மரியாதையைக் குசினிப் பேச்சுக்கும் கொடுத்த அச்செயலின் பெருமையை நாம் இன்னும் முற்றாக உணரவில்லை. பிறகு வெளிநாட்டார் வந்தனர். டச்சு அறிஞர் குயிப்பர் 1962-இல் பழந்தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் சேர்த்து ஒரு குறிப்பு எழுதினார். செக் நாட்டுக் கமில் சுவலபில் 1966-இல் இலங்கைத் தமிழின் இயல்புகளைப் பற்றி எழுதினார். பேராசிரியர் சு. சுசீந்திரராசா அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் யாழ்ப்பாணத் தமிழையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, அதன் ஒலியையும் உருபையும் முறையாக வகுத்தார்.

தன் ஊர்ப் பேச்சைத் தானே ஆராயும் அறிஞன் எங்கும் அரியவன். இந்தோனேசியாவின் கிழக்கே புளோரெஸ், சோலோர், அதோனாரா, லெம்பாத்தா என்னும் தீவுகளில் வழங்கும் லாமஹோலொட் மொழியில், திமிங்கில வேட்டைக்குப் பெயர்பெற்ற லாமலேரா என்னும் கரையூரில் பிறந்த கோரிஸ் கெராஃப், அவ்வூர்க் கிளைமொழியின் சொல்லமைப்பையே 1978-இல் தம் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வாக அளித்தார். தீவுக்குத் தீவு, மலைக்கு மலை மாறும் அம்மொழியைப் பேசுவோர், ஒரு பொருள் கிடக்கும் இடத்தைச் சொல்லுகையில் கடற்பக்கம், மலைப்பக்கம் என்று நிலத்தை வைத்துத் திசை குறிப்பர். எங்கள் நிலத்தில் மலை இல்லை. பனையும் வெளியும் கிணறுமாகக் கிடக்கும் சமதரையில் நாங்கள் இடத்தை அளப்பது எதிரே நிற்கும் மனிதரை வைத்துத்தான்.

எதிரே நிற்பவர் என்று நான் சொன்னதை விளக்க வேண்டும். உது என்பதற்கு அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவிலுள்ளது என்பதே நெடுங்காலமாக எழுதப்பட்டுவந்த பொருள். 1924 முதல் 1936 வரையில் சென்னைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட பேரகராதி, கேட்பவருக்கு அருகேயுள்ளது என்னும் பொருளையும் உடன் சேர்த்தது. அந்த இரண்டாம் பொருளே யாழ்ப்பாணத்தில் முதற்பொருள். ஆச்சி கிணற்றடியில் நிற்கும் பேரனைப் பார்த்து, "மோனை, உதிலை கிடக்கிற வாளியை எடுத்துக்கொண்டு வா" என்றால், வாளி பேரனின் காலடியில் கிடக்கிறதென்பதே கருத்து. அது ஆச்சிக்கு எத்தனை அடி தூரம் என்பது கணக்கில் இல்லை. பொருளுக்கு மாத்திரமன்றிப் பேச்சுக்கும் இவ்விதி பொருந்தும். நீ சொன்ன யோசனை "உது". ஆகையால் "உது சரிவராது" என்கிறோம். நீ அளக்கும் கதை "உந்தக் கதை". ஆகையால் "உந்தக் கதையை விடு" என்கிறோம். என் வாயிலிருந்து வந்தது இது, உன் வாயிலிருந்து வந்தது உது. இதே மனப்பாங்கினால்தான் உன் தகப்பன் எங்களுக்குக் கொப்பர், உன் தாய் கொம்மா, உன் தமையன் கொண்ணர் ஆகிறார்கள். எந்தை, நுந்தை என்று உறவை இடத்தோடு சேர்த்துச் சொன்ன பழைய வழக்கின் சாயல் இதிலே தெரிகிறது.

சிங்களத்திலும் பேசுவோன் பக்கத்துக்கு "மே", கேட்போன் பக்கத்துக்கு "ஒய", கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு "அர", காணாததும் அறிந்ததுமான ஒன்றுக்கு "ஏ" என்று நான்கு சுட்டுகள் உள்ளன. எனவே எங்கள் உகரம் சிங்களத்தின் வழிவந்ததோ என்று ஒருவர் ஐயுறலாம். சங்க இலக்கியத்தில் வேரூன்றி நிற்கும் சொல்லைக் கடன் என்று கூற நியாயமில்லை; ஆனால் ஒரே தீவில் நெடுங்காலம் அயலில் வாழ்ந்த இரு மொழிகள், கேட்போன் பக்கம் என்னும் பாகுபாட்டை ஒன்றுக்கொன்று காவலாக நின்று காத்திருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம். இலத்தீனில் "இஸ்தே" என்ற சுட்டும் கேட்போன் பக்கத்தையே குறித்தது. வழக்காடும்போது எதிர்ப்பக்கத்தானைச் சுட்டியதனால் நாளடைவில் அதில் அவமதிப்பின் வாடை ஏறியது. "உவன் என்னத்தைச் செய்து கிழிக்கப்போறான்?" என்று எங்கள் ஊரார் சொல்லும்போது அதே வாடை வீசுகிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வளைவில் திரும்பியிருப்பதைக் காண எனக்குப் பேருவகை உண்டாகிறது.

நடுவிடம் என்னும் பழம்பொருளும் எங்களிடத்தில் முற்றாக அழிந்துவிடவில்லை. அது ஒரு விசேடமான பிரயோகத்தில் தங்கியிருக்கிறது. வீட்டைவிட்டுப் புறப்படுகிறவனை "எங்கை போறாய்?" என்று கேட்பது சகுனப் பிழை என்று பெரியோர் கருதுவர். யாரேனும் தவறிக் கேட்டுவிட்டால், போகிறவன் இடத்தைச் சொல்லாமல், "உதிலை ஒருக்காப் போட்டு வாறன்" என்பான். சந்தைக்குப் போகிறவனும் அதையே சொல்வான், கொழும்புக்குப் போகிறவனும் அதையே சொல்வான். போகும் தூரம் எவ்வளவாயினும், அது கூப்பிடு தூரந்தான், திரும்பி வருவது நிச்சயந்தான் என்று அந்த உகரம் ஆறுதல் கூறும்.

1980களின் நடுப்பகுதியில் ஒரு விடியற்காலையிலே என் தம்பி தோளில் ஒரு பையோடு படலையைத் திறந்தபோது, எதிர்வீட்டு ஆச்சி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர், "எங்கை மோனை?" என்று கேட்டுவிட்டார். "உதிலை ஆச்சி" என்றான் அவன். அவன் போய்ச் சேர்ந்தது கனடா. அதன்பின் ஐந்து வருடகாலம் அம்மா அவனுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும், கடிதத்துக்குரிய செந்தமிழில், "அவ்விடத்துச் சுகம் அறிய ஆவல்" என்றே இருந்தது. எழுத்திலே உகரத்துக்கு இடமில்லை என்று அவரும் படித்திருந்தார். பிறகு ஒருமுறை நாங்கள் கொழும்புக்குப் போயிருந்த சமயம், வெள்ளவத்தையில் ஒரு கடையிலே காசு கட்டிக் காத்திருந்து, அவனுடைய குரலைத் தொலைபேசியில் முதன்முதலாகக் கேட்டார். பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தை எந்த இலக்கண ஆசிரியரும் நடுவிடம் என்று விதித்திருக்கமாட்டார். அம்மா கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படலையடியில் நிற்பவனைக் கேட்கும் குரலிலே கேட்டார்: "மோனை, உங்கை இப்ப பகலோ, இரவோ?"