மலைப்பாதை சைக்கிளுக்கு எந்த டயர்? முன்சக்கரப் பிடிமானமே முதலில் கவனிக்க வேண்டியது

புதுடெல்லி: மலைச்சரிவில் இறங்கும் சைக்கிள் தரையைத் தொடுவது, உள்ளங்கைக்கும் குறைவான அளவுள்ள இரண்டு ரப்பர்ப் பரப்புகளால் மட்டுமே. டிஸ்க் பிரேக்கும் சஸ்பென்ஷனும் எவ்வளவு உயர்தரமானவையாக இருப்பினும், அந்த இரு பரப்புகளும் மண்ணைப் பற்றியிருக்கும் வரையில்தான் அவற்றால் பயன் உண்டு. ஆயினும் மவுண்டன் பைக் வாங்கச் செல்வோர் கியர்களின் எண்ணிக்கையை விசாரிக்கும் அளவுக்கு டயரைப் பற்றி விசாரிப்பதில்லை.

இந்தியாவில் இந்த விளையாட்டு மெதுவாக வேரூன்றி வருகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் எம்டிபி ஹிமாலயா போட்டி பல ஆண்டுகளாக அறியப்பட்ட ஒன்று. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் கேரளத்தின் பொன்முடியில் நடைபெற்றது. மறுபுறம், 'எம்டிபி' என்று எழுதப்பட்ட குறைந்த விலை சைக்கிள்கள் நகரந்தோறும் விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் டயர்கள் பார்வைக்குத் தடித்தவையாக இருந்தாலும், தார்ச் சாலையில் நெடுநாள் உழைப்பதற்கான கடினமான ரப்பரால் ஆனவை. அலுவலகத்திற்குச் சென்றுவர அவை போதும். ஈரமான பாறையிலும் சரளைக்கல் சரிவிலும் அவற்றை நம்பி இறங்குவது ஆபத்தானது.

ரப்பரின் மென்மை

பிடிமானம் என்றதும் பலரும் டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளையே நோக்குகின்றனர். ஆனால், அக்கட்டைகள் எந்த ரப்பர் கலவையால் ஆனவை என்பதும் அதே அளவு முக்கியமானது. மென்மையான ரப்பர், பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, மெதுவாகவே பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. இதனால் கல்லில் பட்டுத் துள்ளாமல் அதன்மீது படிந்து செல்கிறது. மழையில் நனைந்த மரவேர்களிலும் வழுவழுப்பான பாறைகளிலும் கட்டைகள் குத்தி நிற்க இடமில்லை. அங்கு உதவுவது ரப்பரின் மென்மை மட்டுமே.

இந்த மென்மை 'ஷோர் ஏ' என்ற அளவுகோலால் குறிக்கப்படுகிறது. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது. டவுன்ஹில் டயர்களில் 42 என்ற அளவும், நெடுநாள் உழைக்கும் டயர்களில் 60 என்ற அளவும் பழக்கமானவை. இப்போது பல நிறுவனங்கள் எண்ணுக்குப் பதிலாகப் பெயர்களையே அச்சிடுகின்றன. தைவானின் மேக்சிஸ் டயர்களில் 'மேக்ஸ்கிரிப்' மிக மென்மையானது, 'மேக்ஸ்டெரா' இடைநிலையானது. ஜெர்மனியின் ஷ்வால்பே 2017இல் அறிமுகப்படுத்திய அடிக்ஸ் வரிசையில் கோட்டின் நிறமே அடையாளம்: ஊதா நிறம் மிக மென்மையையும், ஆரஞ்சு நிறம் அதற்கு அடுத்த நிலையையும் குறிக்கும். ஒரே பெயருள்ள டயர் இரண்டு மூன்று கலவைகளில் கிடைப்பதால், டயரின் பெயரை மட்டும் கேட்டு வாங்குபவர் தவறான ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர வாய்ப்புண்டு.

மென்மைக்கு விலையும் உண்டு. மென்மையான ரப்பர் விரைவில் தேய்கிறது. மிதிப்பவரின் உழைப்பையும் கூடுதலாக உறிஞ்சுகிறது. வெளிநாட்டு பைக் பூங்காக்களில் வீரர்கள் லிஃப்ட் மூலம் உச்சிக்குச் சென்று மண்பாதையில் மட்டும் இறங்குகின்றனர். இந்தியாவில் பெரும்பாலோர் மண்பாதையை அடைவதற்கே பல கிலோமீட்டர் தார்ச் சாலையில் மிதிக்க வேண்டியுள்ளது. வெளிநாட்டு விமர்சகர்களின் பரிந்துரையை அப்படியே பின்பற்றி இரு சக்கரங்களுக்கும் மிக மென்மையான டயர் பூட்டினால், பின்டயர் மலையைக் காண்பதற்கு முன்பே சாலையில் தேய்ந்துவிடும்.

முன்னும் பின்னும் ஒன்றல்ல

பின்சக்கரம் சறுக்கினால் சைக்கிள் சற்றே விலகும்; அனுபவமுள்ளவர் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. சரிவில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், வேகத்தைக் குறைப்பதிலும் திசை திருப்புவதிலும் முன்டயரே பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே கையிலுள்ள பணம் ஒரு நல்ல டயருக்கு மட்டுமே போதுமென்றால், அதை முன்சக்கரத்திற்கே செலவிட வேண்டும். முன்னால் மென்மையான, அகலமான டயரும், பின்னால் சற்றுக் கடினமான, எளிதில் உருளும் டயரும் அமைத்துக்கொள்வது பெரும்பாலான மலைப்பாதைகளுக்குப் பொருந்தும்.

மேக்சிஸின் புகழ்பெற்ற மினியன் வரிசையின் பெயர்களே இந்த வேறுபாட்டைச் சொல்கின்றன. 'டிஎச்எஃப்' என்பது டவுன்ஹில் ஃப்ரன்ட், அதாவது முன்சக்கரத்திற்கானது. 'டிஎச்ஆர்' என்பது டவுன்ஹில் ரியர், பின்சக்கரத்திற்கானது. பின்டயரின் நடுக்கட்டைகள் பிரேக் பிடிக்கையில் மண்ணைக் கவ்வும் வகையில் அமைந்துள்ளன. முன்டயரில் நடுக்கட்டைகளுக்கும் ஓரக்கட்டைகளுக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருப்பதால், வளைவில் சைக்கிளைத் துணிந்து சாய்த்தால்தான் ஓரக்கட்டைகள் முழுமையாகப் பற்றும். அரைகுறையாகச் சாய்க்கும் புதியவர்களுக்கு இந்த இடைவெளி சற்றே அச்சமூட்டும். தென்னாப்பிரிக்க டவுன்ஹில் வீரர் கிரெக் மின்னாரின் பங்களிப்புடன் உருவான 'அசெகாய்' டயரில் அந்த இடைவெளியிலும் கட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. அதனால் சாய்வு எந்த அளவில் இருந்தாலும் பிடிமானம் சீராகக் கிடைக்கிறது. ஆனால் உருளும் வேகம் குறைகிறது.

நிலத்திற்கேற்பவும் கட்டைகள் மாற வேண்டும். மழைக்காலச் சேற்றுக்கு உயரமான, இடைவெளி மிகுந்த கட்டைகள் தேவை. நெருக்கமாக அமைந்தால் சேறு அப்பிக்கொண்டு டயர் வழவழப்பாகிவிடும். கோடையில் இறுகிக் கிடக்கும் மண்ணில் அதே உயரமான கட்டைகள் வளைந்து நெளிந்து தடுமாறச் செய்யும். அங்கு தாழ்வான, நெருக்கமான கட்டைகளே ஏற்றவை. இமயமலைச் சரிவுகளின் உதிரிச் சரளைக்கும் பைன் ஊசியிலைப் படலத்துக்கும் ஓரக்கட்டைகள் உறுதியான டயர்களே நம்பகமானவை.

டயரின் உடல்

ரப்பருக்கு அடியில் உள்ள நூலிழை அடுக்கே டயரின் உடல். டிரெயில் டயர்களில் இது மெல்லியது. டவுன்ஹில் டயர்களில் இரட்டை அடுக்காக அமைந்து பக்கச்சுவர் தடித்திருக்கும். 29 அங்குல டிரெயில் டயர் ஏறக்குறைய 1 கிலோ எடையும், டவுன்ஹில் டயர் ஏறக்குறைய 1.3 கிலோ எடையும் கொண்டவை. இந்த 300 கிராம் ஏற்றத்தில் நன்கு உணரப்படும். எனினும் கூரிய பாறைகள் நிறைந்த பாதையில், ஊரிலிருந்து வெகுதொலைவில் பக்கச்சுவர் கிழிந்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்ப நேரிடும். பின்சக்கரத்திற்கேனும் தடித்த உடலைத் தேர்வதே விவேகம்; பாறைகளில் அதிகம் மோதுவது பின்டயர்தான்.

காற்றழுத்தம்

செலவேயில்லாமல் பிடிமானத்தைக் கூட்டும் வழி காற்றழுத்தத்தைச் சரிசெய்வது. பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச அளவு, டயர் தாங்கக்கூடிய எல்லையே தவிர, நிரப்ப வேண்டிய அளவு அன்று. பெட்ரோல் நிலையத்திலோ சைக்கிள் கடையிலோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கல்லைப் போல் நிரப்பித் தரும் பழக்கம் தார்ச் சாலைக்குப் பொருந்தலாம். மலையில் அந்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 20 முதல் 22 பிஎஸ்ஐ, பின்னால் 23 முதல் 26 பிஎஸ்ஐ எனத் தொடங்கி, ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றிப் பார்க்கலாம். டியூப் உள்ள டயரில் இவ்வளவு குறைக்க இயலாது. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வேறுபாடே உணரப்படும் என்பதால், பம்பில் உள்ள முள்ளை நம்புவதைவிடத் தனியாக ஒரு டிஜிட்டல் மானி வைத்திருப்பது நல்லது.

உயரமும் இதில் குறுக்கிடுகிறது. சண்டிகரில் காற்று நிரப்பிய சைக்கிளை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேவுக்கு வாகனத்தில் கொண்டு சென்றால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அழுத்தம் 4 முதல் 5 பிஎஸ்ஐ வரை கூடியதாக மானி காட்டும். அங்குள்ள குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். குளிர் ரப்பரையும் இறுகச் செய்கிறது. எனவே சேர்ந்த இடத்தில் மீண்டும் அளந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றப்படும் சீலன்ட் திரவம் வெப்பமான, வறண்ட பகுதிகளில் விரைவில் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதையும் சரிபார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

பக்கச்சுவரில் 63-622 போன்ற எண்கள் இருக்கும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் அமரும் விட்டம். 29 அங்குலத்திற்கு 622, 27.5 அங்குலத்திற்கு 584, 26 அங்குலத்திற்கு 559. இரண்டாவது எண் பொருந்தவில்லை என்றால் டயர் ஏறாது. 2.4 அல்லது 2.5 அங்குல டயருக்கு உள் அகலம் 30 மில்லிமீட்டர் அளவிலான ரிம் ஏற்றது. குறுகிய ரிம்மில் பூட்டினால் டயர் பல்பைப் போல் உப்பி, வளைவுகளில் ஆடும். சட்டகத்திலும் ஃபோர்க்கிலும் சேறு நுழைந்து வெளியேற இடம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டைகளின் விளிம்பு மழுங்குவது, ஓரக்கட்டைகள் அடியில் கிழியத் தொடங்குவது, நூலிழை வெளியே தெரிவது ஆகியவை டயரை மாற்றும் காலம் வந்ததற்கான அறிகுறிகள். நூலிழை தெரியும் டயரை உடனே கழற்றிவிட வேண்டும். பெரும்பாலும் பின்டயரே முதலில் தேயும். அப்போது புதிய டயரைப் பின்னால் பூட்டாமல், முன்னால் இருப்பதைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னால் பூட்டலாம். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். சில டயர்களில் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் தனித்தனி அம்புகள் இருப்பதால், இடம் மாற்றும்போது அதைக் கவனித்துப் பூட்ட வேண்டும்.